பால் கொட்டகை ஓடையின் வெள்ளை மணல்

போன சனிக்கிழமை சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் வெள்ளை மணல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன் என்று சொன்னால்தான் சரி. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவன் அதற்குள் இப்படித் திட்டலாமா என்பாய். திட்டுவேன்.

செனாவாங்கில் இருக்கும் வீட்டில் டிஸ்கஸ் மீன் வளர்க்கப் போகிறேன். மகன் மூன்றடித் தொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஷிப்ட் முடிந்து வந்தால் அவன் படுத்துவிடுவான். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமாம். சின்னத் தட்டு மாதிரி வட்டமான மீன், ஆனால் மகா ரோஷக்கார மீன். தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் உடம்பு கறுத்து மூலையில் போய் நின்றுகொள்ளும். அதனால் தொட்டியின் அடியில் என்ன போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூழாங்கல் போட்டால் தீனி இடுக்கில் விழுந்து அழுகும். பவளத் தூள் தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடும்.

"அங்கிள், இந்த வெள்ள மணலப் போடுங்க லா. மீனு கலரு சும்மா தூக்கும்" என்றார் கடைக்காரர்.

"இது எங்கேருந்து எடுத்த மணலு?"

"பேக்கெட்லதான் வருது, அங்கிள்."

பொட்டலத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மணலைத் தொட்டிக்குள் போடக்கூடாது. இது நம் இருவருக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நமக்குப் பத்தொன்பது வயது. பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறினான். துரை விட்டுப்போன கண்ணாடித் தொட்டி வராந்தாவில் கிடந்தது. அதற்காக சிரம்பானிலிருந்து ஆறு தங்கமீன் வரவழைத்து ஒரு அண்டாவில் வைத்திருந்தான். தொட்டியைத் தயார் செய்ய மீன் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நம்மைத்தான் அனுப்பினார். தூண்டிலும் கையுமாகத் திரிந்ததற்குக் கிடைத்த பலன். அது என்ன பலன் என்பது லயத்துக்கே தெரியும். வாராவாரம் கூலிகளை மேய்க்கும் மண்டோர் பெயர் படிப்பார். பெயர் வந்தவன் சயாமுக்கு, ரயில் பாதை போட. போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. பங்களா வேலைக்காரன் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வராது.

அந்தத் தொட்டிக்கு முன்னால் நாம் போட்ட சண்டை இப்போதும் காதில் கேட்கிறது.

"ஆத்து மணலு போதும்டா, நல்லா அலசிப் போட்டுக்கலாம்" என்றேன்.

"ஆத்து மணலு கறுப்பு. தங்கமீனு எடுத்துக் காட்டாது. பால் கொட்டகைக்குப் பின்னால ஓடையில பாரு, பச்சரிசி மாவு கணக்கா கிடக்கு!" என்றாய் நீ.

அது வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? அந்தக் கொட்டகையில் ரப்பர் பாலை உறைய வைக்க அசிட் ஊற்றுவார்கள். அந்தக் கழிவுத் தண்ணீர் வருஷக்கணக்காக ஓடி ஓடி வெளுத்த மணல் அது. அந்த ஓடையில் ஒரு தவளைகூடக் கத்தியதில்லை.

"அங்க ஒரு மீனுகூட இல்லியேடா, வேணாம்" என்றேன். "கொட்டகை மூடி ஒரு வருசமாச்சு, மழை கழுவி விட்டிருக்கும். ஜப்பான்காரன் பாத்தா அசந்துருவான்" என்றாய். அவன் அசந்தால் நமக்கு வேலை நிரந்தரம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அங்கேதான் நான் முட்டாள். கையில் வெட்டுக் காயம் என்று நீ சும்மா நடந்து வந்தாய். இரண்டு வாளி மணலையும் நான் சுமந்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு மீன் மல்லாந்து கிடந்தன. மத்தியானத்துக்குள் ஆறும் போய்விட்டன. அதிகாரி முதலில் கிராணியை அறைந்தான். கிராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் திரும்பினார். "யாருடா இந்த மணலக் கொண்டாந்தது?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவன்தாங்க ஐயா கொண்டாந்தான். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

முதல் பாதி உண்மை. அதைக்கூட விட்டுவிடுவேன், பயத்தில் வந்தது என்று. ஆனால் 'வேணாம்' என்பது என் வார்த்தையடா. என் வாயில் இருந்ததைப் பிடுங்கி உன் வாயில் போட்டுக்கொண்டாய். அந்த வாரமே மண்டோர் என் பெயரைப் படித்தார்.

சயாமைப் பற்றி எழுதப் போவதில்லை. காலில் புண்ணோடு, எலும்பும் தோலுமாக நான் திரும்பியபோது அம்மா உயிரோடு இருந்தாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "இந்தப் புள்ள இல்லேன்னா நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன்யா. ஒரு வாரம் தவறாம பங்களாவுலேர்ந்து கிழங்கு கொண்டாந்து குடுத்தான்" என்று உன் தலையைத் தடவினாள். உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏங்கிய கை, அம்மாவின் பாதத்தைத் தொட்டுவிட்டு மடங்கிக்கொண்டது. உன்னை வாழ்த்திக்கொண்டேதான் அவள் கண்ணை மூடினாள்.

அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு உன் வாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் என்றிருந்தேன். நீ முறுக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் உன் மகனை வெளியே போகச் சொன்னாய். வந்துவிட்டது என்று நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்குக்கூடத் தயாராகிவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அந்த மணல நீ கொண்டாந்திருக்க வேணாண்டா. எவ்வளவோ சொன்னேன், நீ கேக்கல. போவட்டும், அத நான் மனசுல வச்சிக்கல."

உன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சொன்ன பொய்யை நீயே நம்பி, எனக்காக இத்தனை வருஷம் வருத்தமும் பட்டிருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். "சரிடா" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவனிடம் என்ன வழக்குப் பேசுவது? இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

அந்த 'சரி'தான் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறது. தொட்டிக்கு முன்னால் யார் என்ன சொன்னது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ மறந்துவிட்டாய், நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: அந்த மணலை எடுக்கச் சொன்னது நீ. வேண்டாம் என்று சொன்னது நான்.