சாய்ந்து கிடந்த பறவை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. உன் நலம் அறிய ஆவல் என்பதை மட்டும் எழுதுகிறேன். இந்த முறை அது வழக்கத்துக்கு எழுதுவது இல்லை.

உன் தங்கை வாயாடிக்குப் பள்ளியில் நம் கொடியைப் பற்றிப் பேச்சுப் போட்டி. மேலே சிவப்பு தியாகம், கீழே மஞ்சள் விளைச்சல், நடுவில் வெள்ளைப் பறவை விடுதலை, யாருக்கும் பணியாததால் அது நிமிர்ந்து நிற்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். உப்பு எங்கே என்று கேட்டாலும் சிவப்பு, தியாகம் என்கிறாள்.

எங்கள் தையல் கூடத்திலும் சட்டை வேலையை நிறுத்திவிட்டுக் கொடி தைக்கச் சொன்னார்கள். அரசாங்க ஆர்டர். பெரிய பெரிய கொடிகள். பறவையை வைத்துத் தைப்பது என் பங்கு. கட்டிங் மாஸ்டர் கொடுத்த மாதிரியில் பறவை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மனிதர் தப்பாக வரைந்துவிட்டார் என்று நானே நிமிர்த்தித் தைத்தேன். பறவைக்கு உடம்பு சரியில்லை போல என்று கேலி வேறு. எல்லாரும் சிரித்தோம்.

மத்தியானம் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது கம்பத்துக்கு இல்லம்மா. கயிறு கோக்க மடிப்பு வைக்கச் சொல்லலையே, கவனிக்கலையா? சவப்பெட்டி மேல போத்தறது. பறவையோட தலை இருக்கற பக்கம்தான் அவங்க தலை" என்றார். சொன்ன பிறகுதான் நீ பட்டாளத்தில் இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மெஷின்கள் ஓடும் சத்தமே கேட்கவில்லை. சுவரோரமாக மடித்து அடுக்கியிருந்த கொடிகளைப் பார்த்தேன். இத்தனையுமா? எல்லை அமைதியாக இருக்கிறது என்றுதானே வானொலியில் தினமும் சொல்கிறார்கள்? அமைதிக்கு எதற்கப்பா இவ்வளவு துணி?

உன் அப்பாவிடம் சொன்னேன். "முன்கூட்டியே தைச்சு வைப்பாங்க, நீ வேற" என்றார். சொல்லிவிட்டு வானொலியை அணைத்தவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. காலையில் வாயாடி சிவப்பு என்று ஆரம்பித்ததும் என்னையும் மீறி அதட்டிவிட்டேன். பாவம், மலங்க மலங்க விழித்தாள்.

இன்று என் பங்குக்கு வந்த கொடிகள் எல்லாவற்றிலும் பறவையை நிமிர்த்தியே தைத்தேன். ஓரத்தில் கயிறு கோக்கும் மடிப்பும் வைத்தேன். இனி அவை கம்பத்துக்குத்தான் ஆகும். மாஸ்டர் பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும்.

கண்ணா, அங்கே நடப்பதை எழுத விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எதுவும் எழுத வேண்டாம். வெறும் தாளில் உன் கோழிக் கிறுக்கலில் அம்மா என்று மட்டும் எழுதி அனுப்பு, போதும். தியாகமெல்லாம் அந்தத் துணியிலேயே இருக்கட்டும். நீ உன் காலால் நடந்து வீட்டுக்கு வா, ராசா.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா