ஏழாம் விசையில் ஒட்டிய பொட்டு

இன்று காலை விசைப்பலகையைத் துடைத்தேன். எஃப் ஏழின் மேல் நீங்கள் ஒட்டிய என் ஸ்டிக்கர் பொட்டு இன்னும் விழவில்லை, நிறம்தான் மங்கியிருக்கிறது. எஃப் மூன்றில் எழுத்தே இல்லை. அது உங்கள் விரல் தேய்த்தது.

கொல்லங்கோட்டில் நீங்கள் பாடம் நடத்திய பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் இயங்குதளம் வந்ததும், வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டீர்கள். கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் இரண்டு. "சண்டை எதுக்கு அம்மிணி, ஆளுக்கொரு ரூம் எடுத்துக்கலாம்" என்றீர்கள். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப் மூன்றை அழுத்தினால், எழுத்து மட்டுமே ஓடும் உங்கள் கறுப்புத் திரை. எஃப் ஏழை அழுத்தினால் என் திரை. ஒன்றில் இருக்கும்போது மற்றது அணைந்துவிடாது. கதவு சாத்திய அறைபோல் காத்திருக்கும்.

முதல் நாள் எனக்கு அது தெரியாது. அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் கறுப்புத் திரை; நான் அடித்த இரண்டு பக்கமும் காணோம்.

"ஏனுங்க, கேக்காம எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீங்களே."

சிரித்துக்கொண்டே எஃப் ஏழை அழுத்தினீர்கள். ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை. எனக்குக் கோபம் தணியவில்லை.

"அடுத்தவங்க ரூமுக்குள்ள போனா மொதல்ல கதவைத் தட்டோணும். கான்வென்ட்ல அதுதானுங்க மொதப் பாடம்."

அன்றிலிருந்து என் திரைக்கு வரும்போதெல்லாம் மேசையை இரண்டு முறை தட்டி, கான்வென்ட் தலைவியிடம் கேட்பதுபோல், "உள்ள வரட்டுங்களா, மதர்?" என்பீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னாலும் விடமாட்டீர்கள்.

இன்று பிற்பகல், நான் படித்த கான்வென்ட்டின் பழைய மாணவிகள் கூட்டத்தில் நான் பேச வேண்டும். பேச்சை அடித்து முடித்தவள், சேமிக்காமல், இணையத்தில் பள்ளியின் பழைய படமொன்றைத் தேடப் போனேன். என் வழக்கமே அல்ல. திரை உறைந்தது. சுட்டி அசையவில்லை.

கோயமுத்தூரிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "சுவிட்ச ஆஃப் பண்ணிப் போடுங்கம்மா."

"பேச்சும் சேந்து போயிருமே, கண்ணு."

"வேற எழுதிக்கலாம்மா."

மூன்று வாரம் மனதுக்குள்ளேயே திருத்திய பேச்சு, வேறு எழுதுவதாம். போனை மேசைமேல் வைத்துவிட்டு எஃப் மூன்றை அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. என் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைக் கேட்டு, இணைய உலாவியை மட்டும் நிறுத்தினேன். நீங்கள் காட்டிய அதே வரிசை. பிழையில்லாமல், முதல் முறையிலேயே.

திரும்பிப் போக வேண்டியதுதான் பாக்கி. கை தானாக மேசையை இரண்டு முறை தட்டியது.

"யாரும்மா வந்திருக்காங்க?" போனிலிருந்து மகளின் குரல்.

"நாந்தான். உங்கப்பா ரூம்ல இருந்து வர்றேன்."

எஃப் ஏழை அழுத்தினேன். பேச்சு முழுதாக இருந்தது. கடைசி வரியின் முடிவில் அந்தச் சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது. முதலில் சேமித்தேன். பிறகு, போனை அணைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து, வெகுநேரம் சிரித்தேன்.

நீங்கள் போனபின் இரண்டு அறைகளும் எனக்கே. ஆனாலும் தட்டாமல் நுழையமாட்டேன்.