அப்புறம் என்றால் எத்தனை மணி

குட்டியின் அம்மாவுக்கு,

நீ கடையிலிருந்து வருமுன் நான் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதனால் எழுதி வைக்கிறேன். குட்டிக்கு அழைப்பு மணிச் சத்தம் ஆகாது. உன் சாவியாலேயே கதவைத் திற.

பள்ளிக்குப் போகாமல், யாரோடும் பேசாமல் அவள் சுருண்டு கிடந்ததன் காரணம் இன்று தெரிந்துவிட்டது. மருத்துவரிடம் அவளே சொன்னாள். அவளுடைய ஒரே தோழி பெஞ்சு மாறிப் போனபோது, "அப்புறம் வரேன்டி" என்றாளாம். இவள் ஒரு மாதம் இடைவேளைதோறும், இருவரும் வழக்கமாக உட்காரும் மாடிப்படியிலேயே காத்திருந்திருக்கிறாள்.

"அப்புறம்னா எப்பன்னு அவ சொல்லலப்பா. நான் எழுந்து போயிட்டா எங்க தேடுவா?"

இதைத்தான் நாம் திமிர் என்றோம்.

மனச்சோர்வுதானாம், சரியாகிவிடுமாம். "ஆட்டிசத்தோட சில இயல்புகளும் தெரியுது. சொன்ன சொல்ல அப்படியே எடுத்துக்குவா. பாத்துப் பேசுங்க" என்றார் மருத்துவர். வியாழன் பதினொன்றுக்கு மறுபடி போக வேண்டும்.

தோழிக்குப் போன் செய்தேன். "ஐயோ அங்கிள், அவதான் என்னை ஒதுக்கிட்டான்னு நெனச்சேன்" என்று அழுதாள். இன்று நாலரைக்கு வருகிறாள். நீ நடுவில் உட்கார்ந்து இருவரையும் பேசச் சொல்லாதே.

நேற்று "உன் வளர்ப்பு" என்றது என் வாய்க்கொழுப்பு. மன்னித்துவிடு.

பி.கு.: கிளம்பும்போது, "அப்பா சீக்கிரம் வந்துடறேன்" என்று வாய்தவறிச் சொன்னேன். "சீக்கிரம்னா?" என்றாள். ஏழு இருபது என்றேன். தலையாட்டிவிட்டு, தானே தட்டை எடுத்துவைத்துச் சாப்பிடுகிறாள். முதலாளி முறைத்தாலும் ஏழு இருபதுக்கு வாசலில் இருப்பேன்.