அடைப்புக்குறிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

8-3-1999, திங்கள்
இன்றும் பக்கத்து நாற்காலி சுந்தர்ராமன் என் ஸ்டைல்ஷீட்டில் கை வைத்துவிட்டான். இணையப் பக்கத்தின் நிறம், எழுத்தளவு எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. நான் தலைப்பை எழுதி, அதே வரியில் நெளிவு அடைப்பை { திறப்பேன். அவன் அதை அடுத்த வரிக்கு இறக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு முழம் தள்ளி வைக்கிறான். நான் ஏற்றுகிறேன், அவன் இறக்குகிறான். சிங்கப்பூர் ஜவுளிக்கடை கேட்ட பக்கம் முடியாமல் அப்படியே கிடக்கிறது.

10-3-1999
முதலாளி குற்றாலலிங்கம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. "என்னத்துக்கு அடிச்சிக்கிடுதிய? பேரில்லாத சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மொதல்ல பேரு வையுங்க" என்றார். பிறகு அவரே வைத்தார். என்னுடையது கூட்டுக்குடும்பம். அவனுடையது தனிக்குடித்தனம். பலகையில் எழுதியும் போட்டார்.

"ஒரு ஆபீசுக்கு ஒரு பழக்கம்தான். தோத்தவுக கீழ நம்ம டைப்ரைட்டிங் வகுப்புல சொல்லிக்குடுங்க."

ஐயோ! அந்தத் தடதட சத்தத்தில் வருஷக்கணக்காகத் தலைவலி தாங்காமல்தானே கெஞ்சிக் கூத்தாடி மாடிக்கு வந்தேன்?

12-3-1999, வெள்ளி
பேட்டைப் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். ஆம், அடைப்புக்குறிக்கு. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று என்று கட்டிப் போட்ட இரண்டு பொட்டலத்தில் குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி. அப்போதுதான் உறைத்தது — சிவப்பு யாருக்கு, வெள்ளை யாருக்கு என்று ஒருவரும் பேசி வைக்கவில்லை.

"சிவப்பு எனக்கு" என்றேன். "எனக்கு" என்றான் அவன்.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "பிள்ளையாரு ஒத்தையா இருக்க சாமி. அவரு தனிக்குடித்தனத்தத்தான் சொல்லுவாரு."

இது என்ன நியாயம்? அப்புறம் பூ எதுக்கு?

15-3-1999
கீழே. தடதட.

22-3-1999
சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல். பக்கம் திறக்க நேரமாகிறதாம். கோப்பில் உள்ள வெற்றிடத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்தால் மொத்தமும் ஒரே வரி. அண்ணாச்சி அதற்கும் பெயர் வைத்துவிட்டார்: பத்தமடைப் பாய். சுருட்டினால் கையடக்கம்.

"அப்போ பிள்ளையார் சொன்னது?" என்று கேட்டேன்.

"அவரு சிங்கப்பூர்லயும் இருக்காருல்லா."

24-3-1999
சுந்தர்ராமன் டைப்ரைட்டிங் வகுப்புக்கு இறங்கி வந்தான். பாதிப் பக்கம் நிறமில்லாமல் வெளுத்துக் கிடக்கிறதாம். எங்கோ ஓர் அடைப்பு மூடப்படவில்லை.

"பாய்ல ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலக்கா. செத்த வாங்கோளேன்."

மாடிக்குப் போய் ஒரே வரியை வரிவரியாகப் பிரித்தேன். கைப்பழக்கம், எல்லாம் கூட்டுக்குடும்பமாகவே வந்தது. அவன் எதையும் கீழே இறக்கவில்லை. விடுபட்ட அடைப்பு அகப்பட்டது; நிறமும் வந்தது.

"சித்ரலேகா, இனிமே மேலயே இரும்மா" என்றார் அண்ணாச்சி. அழுகையே வந்துவிட்டது.

மறுபடி சுருட்டும் முன், போனால் போகிறது என்று ஒரே ஓர் அடைப்பை மட்டும் அடுத்த வரிக்கு இறக்கி வைத்தேன். சுந்தர்ராமன் பார்த்தான். அதை மேலே ஏற்றினான்.