மூங்கிற்றுறைச் சபையார் இருமுறை நகர்த்திய வெள்ளக்கல்

நன்று நிலைபெறுக. ஏழூர் வயல்களிலும் நீர் அளவோடு ஏறி அளவோடு இறங்குக. கருநீலி ஆற்றின் இருகரையும் காக்கும் நெடுங்கரை நாட்டு அரசி செங்கண்மாதேவி, மூங்கிற்றுறை ஊர்ச்சபைத் தலைவர் கொற்றங்கிழார்க்கும் உடனிருக்கும் சபையார் நால்வர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் மனையும் மக்களும் நலமா என்று இவ்விடத்தில் கேட்பது மரபு. மேட்டில் கட்டிய மனைகள் நலமாகவே இருக்கும் என்பதால் கேட்காமல் விடுகிறோம்.

நம் முன்னோர் ஊர்தோறும் வெள்ளக்கல் நட்டனர். அக்கல்லுக்குக் கீழே பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம், வீடு மட்டும் கட்டலாகாது. கல்லுக்கு மேலே கட்டிய வீட்டையும் ஆறு கொண்டுபோனால், ஏழூரும் அறுவடைதோறும் நெல் இட்டு நிரப்பும் வெள்ளப் பத்தாயம் அவ்வீட்டாருக்குத் திறக்கும். கீழே கட்டியவருக்கு ஒரு மணியும் இல்லை. இச்சட்டம் அறியாத குழந்தை நம் நாட்டில் இல்லை.

சென்ற ஐப்பசியில் வந்த வெள்ளம் உங்கள் ஊரில் நாற்பத்தொரு வீடுகளைக் கரைத்தது. அது பகலில் வந்ததால் மட்டுமே உயிர்கள் தப்பின. இன்று அக்குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் ஈரத் தரையில் படுத்திருக்கின்றன. அடுத்த மழைக்குள் அவர்களுக்குக் கூரையும் விதைநெல்லும் வேண்டும். நீங்களோ, அவர்கள் பேராசையால் கல்லுக்குக் கீழே குடியேறினர் என்றும், ஆகவே பத்தாயத்தைத் திறக்க வேண்டா என்றும் நமக்கு எழுதினீர்கள். அந்த ஓலையில் எழுத்து அழகாக இருந்தது. நம்பியும் விட்டோம்.

பின்னர் நம் ஓலைநாயகம் இளநாகனாரை அனுப்பினோம். மண்டபத்தில் கூடை முடையும் பூதி என்பவள் அவரிடம் உரைத்ததை, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதிவரப் பணித்திருந்தோம். அது இது:

“தலைவரய்யாதான் கூட்டிட்டுப் போயி கல்லக் காட்டினாரு. ‘பாரு பூதி, கல்லு கீழ நிக்குது, நீ மேல கட்டப்போற, என்ன பயம்’னாரு. நம்பிக் கட்டினோம். தண்ணி வடிஞ்சு வந்து பாத்தா வீட்டக் காணோம், கல்லு மேட்டுல நிக்குது. அதுக்குக் காலு மொளச்சு ஓடிப்போயிருச்சு போல. கல்லுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லையே தாயி.”

இளநாகனார் இதைக் காட்டிக் கேட்டபோது, வெள்ளக்கல்லைத் தொட்டவன் குலம் விளங்காது என்பது மூங்கிற்றுறையார் நம்பிக்கை, ஆதலின் தாங்கள் தொட்டிருக்க வழியே இல்லை என்று கொற்றங்கிழார் விடையிறுத்தாராம். அந்த நம்பிக்கை மெய்யென்று நாமும் அறிந்தோம். உங்கள் கோயில் ஏட்டிலேயே அது இருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன், ஆற்றோர நிலத்தை மனைகளாக்கி விற்பதற்காகக் கல்லை இறக்கிய நாளில், நம் ஆற்றுக் கண்காணி குறித்த இடம் என்று ஊராருக்குச் சொல்லிவிட்டு, கல்லிடம் பிழைபொறுக்க வேண்டிப் பூசையும் மேளமும் ஊர்விருந்தும் வைத்தீர்கள். வெள்ளம் வடிந்த மறுநாள், ஊரார் மண்டபத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, யாரும் அறியாமல் கல்லைப் பழைய இடத்துக்கே மேலேற்றினீர்கள். அன்றும் பூசையை விட மனம் வரவில்லை. பூசணி ஒன்று, தேங்காய் ஐந்து, பூசகருக்குப் புதுவேட்டி என்று ஏடு சொல்கிறது. களவுக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்தவர்களை இப்போதுதான் காண்கிறோம்.

கல்லிடம் இருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். நாற்பத்தொரு வீட்டாரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. முதல் விருந்தில் நம் ஆற்றுக் கண்காணி நம்பிகாடனும் இலை போட்டு உண்டு, வாய் துடைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறான் என்று அறிந்தபோது, நம் அரண்மனை வாசலே நாறுவதாகத் தோன்றியது.

மற்ற ஆறூராரும், பொய்க்கல் நட்ட ஊருக்குத் தங்கள் நெல் ஏன் போகவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். நின்ற கல்லை நம்பி வீடு கட்டிய பூதி கேட்பதும் நியாயம். ஆகவே நம் ஆணை இது.

பத்தாயம் இன்றே நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் திறக்கப்படும். அங்கே குறையும் நெல்லைச் சபையார் ஐவரின் களஞ்சியங்கள் நிரப்பும். மேட்டிலுள்ள உங்கள் மாந்தோப்புகள் அக்குடும்பங்களுக்கு மனைகளாகும். அவர்கள் கட்டி முடிக்கும்வரை உங்கள் ஐந்து மாளிகைகளில் அவர்கள் வாழ்வர். நீங்கள் அந்த மண்டபத்து ஈரத்தில் படுப்பீர்கள். சபைப் பொறுப்பு உங்களைவிட்டு நீங்கியது. நம்பிகாடன் பதவி இழந்து, கரைந்த வீடுகளின் சேற்றை வாருவான்.

நீங்கள் விற்ற ஆற்றோரத்திலேயே உங்களைக் குடியேற்ற எண்ணினோம். கல்லுக்குக் கீழே மனிதர் எவரும் வசிக்கலாகாது என்பது சட்டம். நீங்களும் அதில் அடங்குவீர்கள் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மூன்று நாள் ஆயிற்று.

கல் இப்போது நிற்கும் இடமே அதன் இடம். அதை இனித் தொடவேண்டா, பூசையும் வேண்டா. மன்னிப்புக் கேட்க விரும்பினால் பூதி உங்கள் வீட்டில்தான் இருப்பாள், வாயிலில் நின்று கேளுங்கள்.

இவ்வாணை கருநீலி ஓடுமளவும் நிற்க. இவ்வோலைக்கு அரக்கு இடவில்லை. பூதியின் இடிந்த சுவரிலிருந்து எடுத்துவந்த சேற்றில் நம் மோதிரத்தைப் பதித்தோம். பிரிக்கும்போது கையில் ஒட்டும். கழுவாமல் வாசிக்க.