மீசை முளைக்க வைக்கும் மாத்திரை

17 செப்டம்பர் 1957, செவ்வாய். காஜா பேராங்.

இன்று என் தங்கச்சி லீலாவை அடித்துவிட்டேன்.

எனக்கு ஒரு மார்பை எடுத்து நாலு மாதம் ஆகிறது. புற்றுக்கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்ததால் தப்பித்தேன். மறுபடியும் வராமல் தடுக்க ஆண் ஹார்மோன் மாத்திரை சாப்பிடலாம் என்று டாக்டர் இன்று சொன்னார். அது தடுக்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. குரல் தடிக்கும், மீசை அரும்பும் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொன்னார். போன மாதம் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த குரல் இது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லீலா சமையலறையில் மிளகாய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் உலக்கையைச் சுவரில் எறிந்தாள்.

"அம்மா இதே நோயில நாறிச் செத்தாங்களே! நீயும் அப்படிச் சாகப் போறியா? மறுபடியும் நான்தான் அள்ளிக் கொட்டணுமா?"

ஓங்கி அறைந்தேன். அவள் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். அவளுடைய மிளகாய்க் கை என் கண்ணில் பட்டது. எரிச்சலில் ஒன்றும் தெரியாமல் குத்தினேன். அவள் உதடு கிழிந்தது. அவள் முழங்கை என் ஆப்பரேஷன் தழும்பில் இடித்தது. நான் அலறினேன். அவள் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மீசை வந்தா வந்துட்டுப் போவுதுக்கா. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"



நாளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையை வாங்கப் போகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவை அப்படிச் சொன்ன வாய் இன்று ஒரு ராத்திரியாவது வீங்கிக் கிடக்கட்டும்.