ஒரு தடவை மட்டும் கூப்பிட்டால்

புனே
19.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு, செவ்வந்தி வணங்கி எழுதுவது. நான் சுகமே. உன் முழங்கால் வலி தேவலையா? ஆற்றில் தண்ணீர் விட்டார்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதே. எங்கள் வேலையிடத்துத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று அங்கிருக்கும் சின்னக் கருவி, கம்பி வழியாக மோட்டார் அறைக் கருவிக்குச் சொல்லும். நான் எழுதிய புரோகிராம்தான் இரண்டையும் பேசவைப்பது. மூன்று நாளாக மோட்டார் தானாகவே ஓடியது. புரோகிராமில் பிழை தேடித் தேடி அலுத்து, தொட்டிக் கருவியைக் கழற்றியே வைத்துவிட்டேன். அப்போதும் மறுமுனையில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. அனுப்ப ஆளில்லாத கம்பி, மோட்டாரின் மின் இரைச்சலை வாங்கிப் பேச்சாக்கியிருக்கிறது.

ஒரே செய்தி மூன்று தடவை வந்தால்தான் நம்பு என்று மாற்றி எழுதினேன். சரியாகிவிட்டது. எங்கே படித்தாய் என்றார் மேலாளர். அம்மாவிடம் என்றேன்.

"ஒரு தடவ கூப்பிட்டா பதில் சொல்லாதடி, பேய்தான் ஒரு தடவ கூப்பிடும்" என்பாயே. குத்தகைத் தகராறு நடந்த வருஷம் அப்பாவை வாசலில் ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். "இந்தா வர்றேன்" என்று போனவர் திரும்பவேயில்லை.

மோர்மிளகாய் அனுப்பு. அப்பாவின் துண்டு இருந்தால் அதையும் வை, இங்கே மழைக்குளிர்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். இன்று மதியம் மோட்டார் அறையில் தனியாக இருந்தபோது என் பெயர் கேட்டது. அப்பா குரல், ஒரே தடவை. நான் பதில் சொல்லவில்லை அம்மா. ஆனால் இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவாரா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் மகள்,
செவ்வந்தி